சிறிய கைக்குச் சிறிய பிஸ்டலா?

வாசகர் கேள்வி:

"எனக்கு வயது 54. துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடமாகப் பழகுகிறேன். இதுவரை சங்கத்தின் கிளாக் 17 பிஸ்டலைத்தான் பயன்படுத்தி வந்தேன். இப்போது சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. என் கை சிறியது. சுடும் விசையை எட்டிப் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. பிஸ்டலின் மேலே நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால் கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது. அதனால் கையடக்கமாக ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். தோழியின் ரூகர் எல்சிபி என்ற குட்டிப் பிஸ்டலைச் சுட்டுப் பார்த்தேன். கையில் கச்சிதமாக இருந்தது, ஆனால் இரண்டு முறை காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. துப்பாக்கியில் கோளாறா, என் கையில் கோளாறா? அண்ணனோ, பெண்களுக்கு ஐந்து தோட்டா ரிவால்வர்தான் சரி என்கிறார். குறிபார்க்கும் முன்சைட் வேறு முன்போலத் தெளிவாகத் தெரிவதில்லை. எதை வாங்கட்டும்? கைமாறிய துப்பாக்கி வாங்கலாமா? வார இறுதியில் அண்ணன் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள், அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது."

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது பல கேள்விகள். ஆனால் முடிச்சு ஒன்றுதான். கை சிறியது, ஆகவே துப்பாக்கியும் சிறியதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பயிற்சி கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி கேட்கும் கணக்கு இது. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் ஒரு பிஸ்டலை மூன்று விதமாகச் சுருக்கலாம்: நீளத்தில், உயரத்தில், தடிமனில். உங்கள் கை கேட்பது தடிமன் குறைந்த பிஸ்டல். நீளத்தையும் உயரத்தையும் சேர்த்துக் குறைத்தால் உங்களுக்கு லாபத்தைவிடத் தொல்லைதான் அதிகம்.

நீங்கள் பழகிய கிளாக்கையே எடுத்துக்கொள்வோம். 17-க்கு அடுத்த அளவு கிளாக் 19. 1988-இல் வந்தது, 'காம்பேக்ட்' என்றால் இன்றைக்கும் பலர் அளவுகோலாக வைத்துக்கொள்வது இதைத்தான். குழல் 114 மி.மீ.-இலிருந்து 102 ஆகிறது, கைப்பிடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைகிறது, தோட்டா அடுக்கும் மேகசினில் 17-க்குப் பதிலாக 15 தோட்டா. ஆனால் கைப்பிடியின் சுற்றளவு அப்படியேதான் இருக்கிறது. கைப்பிடியின் முதுகிலிருந்து விசை வரை உள்ள தூரமும் அப்படியே. 17-இல் எட்டாத விசை 19-இல் மட்டும் எப்படி எட்டும்? இன்னும் சுருக்கி, 10 தோட்டா பிடிக்கும் கிளாக் 26 வரை போனாலும் அதே தடிமன்தான். சுண்டுவிரலுக்கு இருந்த இடம்கூடப் போய்விடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு நிறுத்தி, தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை, கைப்பிடியின் முதுகில் முடிந்தவரை மேலே அமர வேண்டும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அப்படிப் பிடித்த நிலையில் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை, நகத்துக்கு நேர் பின்னே உள்ள பகுதி, விசையின் நடுவில் படுகிறதா? நுனி மட்டும்தான் தொட்டால் கை உங்களை அறியாமல் சுழன்றுகொள்ளும். குழல் முன்கைக் கோட்டிலிருந்து விலகி, உதைப்பு முழுவதும் கட்டைவிரல் மூட்டில் வந்து இடிக்கும். உங்கள் மூட்டுவலியில் பாதி ஸ்லைடால் வந்தது அல்ல, இப்படிப் பிடிப்பதால் வந்தது என்று நான் சந்தேகப்படுகிறேன்.

தடிமன் எங்கிருந்து வருகிறது என்றால், மேகசினிலிருந்து. 17, 19, 26 மூன்றிலும் தோட்டாக்கள் இரட்டை வரிசையாக நெளிந்து அடுக்கப்படும். அந்த அகலத்தைச் சுற்றித்தான் கைப்பிடி கட்டப்படுகிறது. ஒற்றை வரிசை மேகசின் என்றால் கைப்பிடி ஒல்லியாகும், ஆனால் தோட்டா ஆறு, ஏழு, எட்டோடு நின்றுவிடும். வெகுகாலம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2018-இல் சிக் சாவர் பி365 வந்தபோது இந்தக் கணக்கு மாறியது: கீழே நெளிவாகவும் மேலே ஒடுங்கியும் போகும் மேகசின், ஒல்லியான கைப்பிடிக்குள் 10 தோட்டா. மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. அடுத்த வருடமே பி365 எக்ஸ்எல், கிளாக் 43எக்ஸ், கிளாக் 48 எல்லாம் கடைக்கு வந்துவிட்டன.

உங்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்தக் கூட்டத்தைத்தான். கிளாக் 43எக்ஸும் 19-உம் உயரத்தில் ஒன்று, ஏறக்குறைய 128 மி.மீ. அதாவது எல்லா விரல்களுக்கும் இடம் உண்டு. தடிமன்தான் 34-இலிருந்து 28 ஆகிறது. ஆறு மில்லிமீட்டர் என்று எழுதினால் ஒன்றுமில்லை போலிருக்கும்; கையில் எடுத்தால் விசை பக்கத்தில் வந்து நிற்பது தெரியும். கிளாக் 48 என்பது அதே உடம்பில் 106 மி.மீ. குழல் வைத்தது. ரேஞ்சில் பழகத்தான் முக்கியமாக வேண்டும் என்றால் 43எக்ஸைவிட 48-க்கே என் ஓட்டு, ஏனென்று கீழே சொல்கிறேன்.

மாதிரிகளைப் பார்க்கத் தொடங்கும் முன் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். கனடாவில் 105 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த குழல் என்றாலே தடைசெய்யப்பட்ட வகைக்குப் போய்விடும். இந்தப் பிஸ்டல்கள் சுடும் 9×19 மி.மீ. படைத்துறைத் தோட்டா என்பதால் சில நாடுகளில் பொதுமக்களுக்கு அந்த அளவு கிடைக்காது. மேகசின் கொள்ளளவுக்கு வரம்பு உள்ள இடங்களும் உண்டு. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், உரிமம் கொடுத்த அலுவலகத்திலேயே கேளுங்கள்.

இப்போது, ஏன் ஆகச் சிறியது வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் சுட்டால், குண்டு முன்னே கொண்டுபோகும் உந்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அதே உந்தம் துப்பாக்கி வழியாக உங்கள் கைக்கும் வரும். துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னே வரும் வேகம் இரட்டிப்பாகும், உதைப்பின் ஆற்றலும் இரட்டிப்பாகும். கிளாக் 17 காலி மேகசினுடன் 700 கிராம் இருக்கும். 17 தோட்டா நிரப்பினால் 200 கிராம் கூடும். பி365 காலி மேகசினுடன் 500 கிராம்தான். நிரப்பிய நிலையில் ஒப்பிட்டாலும் சிறியது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உதைக்கும். (பிளாஸ்டிக் உடம்புள்ள பிஸ்டலில் மேகசின் காலியாக ஆக எடை குறைந்துகொண்டே வரும். கடைசி இரண்டு மூன்று தோட்டா கொஞ்சம் கூடுதலாகத் துள்ளுகிறதே என்று நீங்கள் கவனித்திருந்தால் அது பிரமை அல்ல.)

எடையோடு இந்தக் கதை முடியவில்லை. உயரம் குறைந்த கைப்பிடியில் இடதுகை உள்ளங்கை வந்து உட்கார இடமிருக்காது. வலதுகை மூடியது போக மிச்சமிருக்கும் அந்தச் சின்ன இடத்தில் இடதுகையின் அடிச்சதை அழுந்தினால்தான் துப்பாக்கி நிலையாக நிற்கும். இடமில்லாவிட்டால் விரல்கள் விரல்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், துப்பாக்கியை அல்ல. பிஸ்டல் யாருக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்துகொள்ள நான் இலக்கைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் விரல்களை நகர்த்தி, பிடியைச் சரிசெய்து, மறுபடி நகர்த்திக்கொண்டிருந்தால் அந்தத் துப்பாக்கி அவருக்கு ஆகாது. முதல் ஐந்து தோட்டா அழகாக இலக்கின் நடு வட்டத்தில் விழுந்திருந்தாலும் ஆகாது.

சைட்டுகளின் இடைவெளி இன்னொன்று. கிளாக் 17-இல் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 165 மி.மீ. முன்சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு ஆறு சென்டிமீட்டர் தள்ளி விழும். இடைவெளி 130 மி.மீ. உள்ள பிஸ்டலில் அதே பிழைக்கு எட்டு சென்டிமீட்டரை நெருங்கும். சிறிய பிஸ்டல்கள் குறி தப்புபவை என்று இதற்கு அர்த்தமில்லை. மேடையில் இறுக்கிக் கட்டிச் சுட்டால் பல சிறு பிஸ்டல்கள் நன்றாகவே சேர்த்துப் போடும். பிழையை மன்னிக்காது, அவ்வளவுதான். 43எக்ஸைவிட 48 என்று சொன்னதற்குக் காரணம் இதுவும், முன்பக்கம் கூடும் கொஞ்சம் எடையும்.

இனி அந்த எல்சிபி. .380 ஏ.சி.பி. தோட்டா, மேகசினில் ஆறு, காலி எடை 270 கிராம் சுமார். பையில் போட்டு மறந்துவிடுவதற்காகச் செய்த துப்பாக்கி. மணிக்கணக்கில் நின்று பழகுவதற்காகச் செய்ததல்ல. தோட்டா காலியாகி, அதன் வாய் மேலே பார்த்தபடி ஸ்லைடுக்கு நடுவில் செங்குத்தாக நின்றிருந்ததா? அப்படியென்றால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னே போகவில்லை. ஸ்லைடு பின்னே போக, உடம்புப் பகுதி அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு வளைந்து கொடுத்தால் ஸ்லைடோடு சேர்ந்து உடம்பும் பின்னே வரும். இரண்டுக்கும் நடுவே வேண்டிய தூரம் கிடைக்காது. 700 கிராம் பிஸ்டலில் அதன் சொந்த எடையே பாதி வேலையைச் செய்துவிடும். 270 கிராமில் எல்லாம் உங்கள் மணிக்கட்டின் பொறுப்பு. ஆக, இது உங்கள் கையின் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தத் துப்பாக்கி எல்லோரிடமும் கேட்கும் பிடியை உங்கள் கையால் தொடர்ந்து கொடுக்க முடியவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். உறுதிசெய்ய வழி எளிது: அதே மேகசின், அதே பெட்டித் தோட்டாவைப் பயிற்சியாளர் ஒருவர் சுடட்டும். அவரிடமும் சிக்கினால் மேகசினையோ காலித் தோட்டாவை இழுத்தெடுக்கும் எக்ஸ்டிராக்டரையோ பார்க்க வேண்டும்.

ஸ்லைடு விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டா சிறியதென்றால் ஸ்லைடும் லேசாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. 1931-இல் வந்த வால்தர் பிபிகே போன்ற பிஸ்டல்களில் குழல் உடம்போடு நிலையாக இருக்கும், ஸ்லைடைப் பூட்டிவைக்க எதுவும் கிடையாது. தோட்டா வெடிக்கும்போது ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் அதைத் தாங்க வேண்டும். அதனால் .380 பிபிகேயின் ஸ்லைடு, குழல் சாய்ந்து பூட்டிக்கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டல் பலவற்றைவிட இழுக்கக் கடினம். உதைப்பும் வெடுக்கென்று வரும், பெரிய கைக்காரர்களின் சதையை ஸ்லைடு கடிப்பதும் உண்டு. அதே மாதிரி, ஒரே குடும்பத்தில் சிறியதாகப் போகப் போக ஸ்பிரிங் பெரும்பாலும் விறைக்கும். ஸ்லைடு லேசாகி, ஓட்டமும் குறைகிறதே, அதை ஈடுகட்ட வேண்டும்.

வாங்குவதற்கு முன் இழுக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். ஸ்லைடின் பின்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூட்டுவலிக்காரர்களுக்கு அதைவிடக் கெட்ட முறை கிடையாது. இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேலே கவிழ்த்து, நாலு விரலும் ஒரு பக்கம், உள்ளங்கையின் அடிச்சதை மறுபக்கம் அழுந்தும்படி பிடியுங்கள். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள். இடதுகையை அப்படியே நிறுத்திவிட்டு வலதுகையால் துப்பாக்கியை முன்னே தள்ளுங்கள். இழுக்கிற தசையைவிடத் தள்ளுகிற தசைக்குப் பலம் அதிகம். பிறகு ஸ்லைடைக் கையோடு கொண்டுபோய் விடாமல் சட்டென்று விட்டுவிடுங்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு: மார்புக்கு அருகே கொண்டுவரும்போது உடம்பைத் திருப்பாமல் துப்பாக்கியைத் திருப்பிவிடுவார்கள், குழல் பக்கத்து லேனில் நிற்பவரைப் பார்க்கும். கால்களைத் திருப்புங்கள், குழல் இலக்கையே பார்க்கட்டும். வெளியில் ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி) உள்ள பிஸ்டல் என்றால், ஹேமரை முதலில் பின்னுக்குச் சாய்த்துவிட்டு ஸ்லைடை இழுத்தால் பளு கணிசமாகக் குறையும்.

அப்படியும் வலித்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸீயைப் பாருங்கள். ஸ்லைடு இழுக்கச் சிரமப்படுபவர்களுக்காகவே செய்தது; .380-இல் 2018-இல் வந்தது, பிறகு 9 மி.மீ.-இலும் வந்தது. இரண்டிலும் எட்டுத் தோட்டா, ஒல்லிக் கைப்பிடி, எல்லா விரலுக்கும் இடம். கைப்பிடியின் பின்பக்கம் உள்ளங்கையால் அழுந்தும் ஒரு பாதுகாப்புப் பூட்டு இருக்கிறது, முழுப் பிடி பிடித்தால்தான் சுடும். உங்கள் விஷயத்தில் .380 வடிவத்தையே முதலில் சுட்டுப் பார்க்கச் சொல்வேன். தோட்டா வாங்கும்போது மட்டும் கவனம்: .380-ஐ 9 மி.மீ. குர்ட்ஸ், 9×17 என்றும் பெட்டியில் அச்சிடுவார்கள். '9 மி.மீ. கொடுங்கள்' என்று கேட்டு எதையாவது வாங்கி வந்துவிடாதீர்கள். குழலின் மேல் பொறித்திருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

மேகசின் நிரப்புவதும் கட்டைவிரலை வாட்டும். அதற்கென்று லோடர் கருவி விற்கிறது, வாங்கிவிடுங்கள். வீரம் காட்ட வேண்டிய இடம் அது அல்ல.

அண்ணன் சொன்ன ரிவால்வருக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. இழுக்க ஸ்லைடு இல்லை, நிரப்ப மேகசின் இல்லை, சிலிண்டரைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பளிச்சென்று தெரியும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் கொண்டுவந்த ஐந்து தோட்டாச் சிறு ரிவால்வரின் வாரிசுகள் இன்றும் விற்பனையில் இருப்பது சும்மா இல்லை. மறுபாதியை அவர் சொல்லவில்லை. அந்த வகையில் அதிகம் விற்கும் அலுமினிய உடம்பு 642-ஐ எடுத்தால் எடை 410 கிராம் சுமார். விசையை இழுக்க நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை விரல்பலம் வேண்டும். தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேலான பலத்தால் இழுக்கப்படும் ஒரு பொருள் ஆடாமல் நிற்குமா? நீங்கள் பழகிய கிளாக்கின் விசை இரண்டரை கிலோ. ஹேமரைச் சாய்த்துவிட்டு லேசான விசையில் சுடலாமே என்றால், 642-இல் ஹேமர் உள்ளே மறைந்திருக்கிறது. வெளியில் உள்ள மாடல்களில் அதைச் சாய்க்க வேண்டியதும் அதே வலிக்கிற கட்டைவிரல்தான். குழல் குட்டையாக இருப்பதால் எஜெக்டர் கம்பியும் குட்டை. காலித் தோட்டாக்களை முழுசாக வெளியே தள்ளாது, ஒன்றிரண்டை விரலால் பிடுங்க வேண்டிவரும்.

ரிவால்வர் பிடித்திருந்தால் எஃகு உடம்பில் வாங்குங்கள், ரூகர் எஸ்பி101 மாதிரி 700 கிராமைத் தாண்டியது. அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவை, மென்மையாகச் சுடும் ரகமாகப் பார்த்துப் போட்டால் பழகலாம். "பெண்களுக்கு" என்ற வார்த்தையை மட்டும் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கை அளவும் விரல்பலமும் மூட்டின் நிலையும்தான் கணக்கு. பெரிய கையும் வலுவற்ற விரலுமாக வரும் ஆண்கள் எத்தனையோ பேர்.

கண். 40-ஐத் தாண்டினால் முன்சைட் மங்குவது பலருக்கும் வரும். இரு குவியக் கண்ணாடி போட்டிருந்தால் முன்சைட்டைத் தேடித் தலையைப் பின்னே சாய்ப்பீர்கள், கழுத்து வலிக்கும், பிடியும் கெடும். கையை முழுதாக நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து முன்சைட் வரை உள்ள தூரத்தை வேறொருவரை விட்டு நூலால் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைக் கண் மருத்துவரிடம் கொடுத்து, அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி எழுதி வாங்கலாம். துப்பாக்கியைக் கொண்டுபோக வேண்டியதில்லை, நூல் போதும்.

இன்னொரு வழி ரெட் டாட், ஸ்லைடின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் சிறு கண்ணாடி. சிவப்புப் புள்ளியும் இலக்கும் ஒரே தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். கண் இலக்கைப் பார்த்தால் போதும். 43எக்ஸ், 48, பி365 எல்லாவற்றிலும் அது பொருத்தத் தோதாக ஸ்லைடை வெட்டிய வடிவங்கள் கிடைக்கின்றன. இப்போது பொருத்தாவிட்டாலும் அந்த வடிவமாகவே வாங்கிவையுங்கள். ஆஸ்டிக்மாடிசம் (கருவிழி வளைவுக் குறை) இருந்தால் புள்ளி சிதறிய நட்சத்திரம்போலத் தெரியலாம், ஆகவே வாங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் சில வாரங்கள் புள்ளியைக் காணோம் காணோம் என்று தேடுவீர்கள், அது எல்லோருக்கும் உள்ளதுதான்.

வெளியில் பாதுகாப்புப் பொத்தான் வேண்டுமா என்பதில் பயிற்சியாளர்களே இரண்டு கட்சி. நீங்கள் ஒரு வருடம் பழகிய கிளாக்கில் அது இல்லை. விரலை விசைக்கு வெளியே வைக்கும் பழக்கம் உங்களுக்கு ஊறியிருந்தால் எனக்குக் கவலை இல்லை. இருந்தால் நிம்மதி என்று தோன்றினால் பி365-இலும் ஷீல்டு ஈஸீயிலும் பொத்தான் உள்ள வடிவங்கள் உண்டு. நான் அதைவிட முக்கியமாக நினைப்பது கழற்றும் முறை. கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்ற விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் இழுத்துவிட்டு விபத்தில் மாட்டியவர்கள் உண்டு. பி365-இல் ஸ்லைடைப் பின்னே நிறுத்தி நெம்புகோலைத் திருப்பினால் போதும், விசையைத் தொட வேண்டியதில்லை. எது வாங்கினாலும் கழற்றும் அறையில் தோட்டா இருக்கக் கூடாது.

சரி, எதை வாங்குவது? கிளாக் 48, பி365 எக்ஸ்எல், ஷீல்டு ஈஸீ, இந்த மூன்றையும் வாடகைக்கோ சங்க நண்பர்களிடம் கேட்டோ ஒரே நாளில் சுட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் ஸ்லைடு முறையை மாற்றியதும் வலி அடங்கிவிட்டால் கிளாக் 48, அடங்காவிட்டால் ஈஸீ என்பதே என் ஊகம். சுடும் விதமும் முக்கியம். ஏழு மீட்டரில் இலக்கு, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா. முதல் பத்தை மெதுவாக. அடுத்து இரண்டு இரண்டாக. முதல் குண்டை விட்டுவிட்டு இரண்டாவது எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள், பிடி எப்படி என்று அது சொல்லிவிடும். கடைசிப் பத்தில் பயிற்சியாளரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று டம்மி தோட்டாக்களை மேகசினில் கலக்கச் சொல்லுங்கள். டம்மி வந்து விசை 'க்ளிக்' என்கிறபோது குழல் கீழே குத்தினால் உதைப்புக்குப் பயந்து முன்கூட்டியே கையை அமுக்குகிறீர்கள். எந்தத் துப்பாக்கியில் அந்தக் குத்து குறைவாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். நடுவில் மூட்டு வலிக்கத் தொடங்கினால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, எத்தனையாவது தோட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குட்டைக் குழலில் சத்தமும் நெருப்பும் அதிகம். கைத்துப்பாக்கிச் சத்தம் பொதுவாக 150 டெசிபலைத் தாண்டும். 140 ஒருமுறை கேட்டாலே காதுக்குக் கெடுதல். மூடிய ரேஞ்சில் அடைப்பானும் காதுமூடியும் இரண்டுமே போடுங்கள்.

பிள்ளைகள் விஷயம். துப்பாக்கி கைக்கு வரும் முன்பே இரும்புப் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு. துப்பாக்கி காலியாக அதற்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள், சாவி உங்கள் உடம்போடு. பீரோவில் துணிக்கு அடியில், அலமாரி உச்சியில் என்பதெல்லாம் ஒளித்துவைப்பது, பூட்டிவைப்பது ஆகாது. பிள்ளைகளுக்கு அந்த இடமெல்லாம் நமக்கு முன்பே தெரியும். சிறிய துப்பாக்கி என்பதால் இங்கே கூடுதல் கவலை ஒன்று: ஒல்லிக் கைப்பிடியும் லேசான ஸ்லைடும் உங்கள் கைக்கு எவ்வளவு வசதியோ பன்னிரண்டு வயதுக் கைக்கும் அவ்வளவு வசதி. ஈஸீ வாங்கினால் இதை மறக்கவே கூடாது.

கைமாறியது வாங்கலாம், சட்டப்படி பெயர் மாற்றமும் பதிவும் சரியாக நடந்தால். காம்பேக்ட் பிஸ்டலில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை தோட்டா சுட்டது என்பதை. ஸ்லைடை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் தேயும் பொருள், சிறிய பிஸ்டல்களில் சீக்கிரம் தேயும். எத்தனைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். விற்பவருக்கு எண்ணிக்கை தெரியாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகசினின் வாய் உதடுகள் வளைந்திருக்கின்றனவா, குழல் முனையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வரிசை எண்ணை நிறுவனத்தின் திரும்பப் பெறும் அறிவிப்புகளோடு ஒப்பிட்டுவிடுங்கள். 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரான 9 மி.மீ. ஷீல்டு ஈஸீயை, ஹேமரில் குறை இருக்கலாம் என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. அந்தக் காலத்துப் பிஸ்டல் உங்களிடம் வந்தால், ஹேமர் பரிசோதிக்கப்பட்டதற்கு விற்பவரிடம் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்த்து வாங்கும் வரை அதில் தோட்டா போட வேண்டாம்.